ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படா என்று ஒரு பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அமீனா என்பவர் நீதிமன்றத்தின் ஆணையைக் கையில் ஏந்தி, கடன்பட்டவன் வீட்டுப் பொருள்களை ஜப்தி செய்ய வருபவர். அவர் வந்து போன வீட்டில் அண்டாவும் மிஞ்சுவதில்லை, அடுக்குப் பானையும் மிஞ்சுவதில்லை. ஆதலின் அவரைக் கண்டு மக்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் ஆமை யாருடைய கடனை வசூலிக்க வந்தது? யாருடைய சொத்தை ஏலம் போட்டது? அமீனாவுக்குப் பக்கத்தில் அதனை நிறுத்திய குற்றம் என்னவென்று பழமொழியைச் சொல்லுகிறவர்களில் எவரும் விளக்கியதில்லை.

'அமீனா' என்ற இச்சொல், 'அமீன்' என்ற அரபுச் சொல் நம் நாட்டுக் கச்சேரிகளில் புழங்கித் திரிந்தது. நம்பிக்கைக்குரியவர் என்பது அதன் பொருள். மக்கத்துக் குறைஷிகள், நுபுவ்வத் கிட்டுவதற்கு முன்பே, எம்பெருமானார் (ஸல்) அவர்களை 'அல்-அமீன்' என்றே அழைத்தனர். அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து எழுந்த சொற்கள் நம் அன்றாடப் பேச்சிலேயே நிறைந்து கிடக்கின்றன. நம் நெஞ்சில் இருப்பது ஈமான். பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானத். அஞ்சி வந்தவனுக்கு நாம் அளிக்கும் பாதுகாப்பு அமான். மக்தபுப் பிள்ளைகளுக்கு இந்த வேரைக் கற்பித்து வருகிற எனக்கு, அந்தப் பழமொழியில் ஆமையும் அமீனும் அருகருகே நிற்பது ஒரு பாடமாகவே தோன்றுகிறது. கொல்லைக்கு வந்து சேர்ந்த ஆமையிடம் வீட்டுக்காரன் எவ்வாறு 'அமீன்' ஆவது? அதற்கு எவ்விதம் 'அமான்' அளிப்பது? இந்தக் கட்டுரை பேச எண்ணியது அதுவே.

முதலில் சகுனத்தைப் பற்றி ஒரு சொல். பறவை இடம் போனது, வலம் போனது என்று பார்த்துப் பயணத்தை நிறுத்திய மக்களுக்கு மத்தியில் தோன்றிய நாயகம் (ஸல்) அவர்கள், சகுனம் பார்ப்பதை அடியோடு தடுத்தார்கள். தம் அருமை மைந்தர் இபுறாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. மைந்தரின் பிரிவுக்காகவே கதிரவன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசிக் கொண்டனர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துயரத்துக்கு நடுவிலும் அவர்கள் திருத்தினார்கள். வானத்துச் சூரியனுக்கே நம் வீட்டு நன்மை தீமையில் பங்கில்லை என்றால், வேலி இடுக்கில் நுழைந்த ஆமைக்கு என்ன பங்கு இருக்க முடியும்?

விந்தை என்னவென்றால், உயிருள்ள ஆமையை விரட்டுகின்ற அதே தெருவில் பித்தளை ஆமை விலைக்கு விற்கிறது. கண்ணாடித் தட்டில் நீர் ஊற்றி அதனை வரவேற்பறையில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம். ஆமை உருவம் பதித்த மோதிரத்தை விரலில் அணிந்தால் அதிர்ஷ்டம் தேடி வருமாம். நம் வீடுகளிலும் சிலர் இதனை அழகுப் பொருள் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்கள். உயிர் உள்ளது வந்தால் கேடு, உயிர் அற்றது வந்தால் நன்மை என்பது எந்த ஏட்டுக் கணக்கு என்று தெரியவில்லை. கேடு என்று விரட்டினாலும் செல்வம் என்று பூட்டி வைத்தாலும் ஆமை படுகிற பாடு ஒன்றுதான். இரண்டிலும் அது ஓர் உயிர் என்ற நினைவு இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் எங்கள் பகுதியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. தென்மாவட்டத்து வறண்ட பூமி எங்களுடையது. ஊருக்கு மேற்கே பனங்காடும் உடைமரக் காடும் பரந்து கிடக்கின்றன. மழை ஓய்ந்த காலையில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கொல்லையில், மருதாணிச் செடியின் அடியில் ஓர் ஆமை ஒண்டிக் கிடந்தது. கருத்த ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விண்மீன் கதிர்போல் விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை என்று நூல்கள் கூறுவது இதுவே. மழைக்காலத்தில்தான் இது மிகுதியாக நடமாடும். கோடையில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். பார்ப்பவர் கண்ணைக் கவரும் அந்தக் கோலம், காய்ந்த புல்லின் நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் அதனைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்து விடுகிறது. படைத்தவன் அதற்கு அளித்த போர்வை அது.

வீட்டில் மூன்று விதமான பேச்சு எழுந்தது. பையனின் பாட்டியார் பழமொழியைச் சொல்லி, மஃரிபுக்குள் அதனை ஊருக்கு வெளியே எறிந்துவிட வேண்டும் என்றார். அவருடைய மகன், கிணற்றில் போட்டுவிடலாம், ஆமை கிடந்தால் கிணற்று நீர் தெளிவாகும் என்றார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பேரனோ, அதனைத் தானே வளர்க்கப் போவதாகக் கூறி, செடிக்கு முன்னால் காவல் இருந்தான். என்னை அழைத்து வந்தார்கள்.

"ஹஜ்ரத், ஆமை புகுந்த வீடு என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?" என்று கேட்டார் பாட்டியார்.

"ராத்தா, மழைக்கு ஒதுங்க வந்த முஸாஃபிர் இது. நாலு நாள் மழையில் ஒரு மனிதன் வந்து திண்ணையில் ஒதுங்கினால் சகுனம் பார்ப்பீர்களா?" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மனிதன் என்றால் கஞ்சியாவது கொடுப்பேன். இது என்ன தின்னும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவருடைய அச்சம் பாதி போயிற்று என்றே கருதினேன்.

கிணற்றைப் பற்றிக் கூறியதைத்தான் உடனே தடுக்க வேண்டியிருந்தது. குளத்திலும் கிணற்றிலும் வாழும் ஆமை வேறு, தரையில் வாழும் ஆமை வேறு. நீர் ஆமையின் விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும், ஓடு தட்டையாக இருக்கும். தரை ஆமையின் கால் யானைக் கால் போன்று தூணாக இருக்கும், ஓடு கும்மட்டம் போல் உயர்ந்திருக்கும். இது நீந்தத் தெரியாதது. கிணற்றில் போட்டால் மூழ்கி இறந்து போகும். நல்லெண்ணத்தோடு கிணற்றில் விடப்பட்டு மாண்ட ஆமைகள் நம் ஊர்ப்புறங்களில் எத்தனையோ. உயிர் ஒன்றுக்கு நன்மை செய்ய விரும்புகிறவன், அதன் இயல்பை அறிந்த பிறகே கையை நீட்ட வேண்டும்.

எஞ்சி நின்றவன் பையன். அவனுக்கு விடை சொல்வது எளிதாக இல்லை. என்னிடம் கற்ற பாடத்தையே அவன் எனக்கு எதிரே எடுத்து வைத்தான். "அபூ உமைர் குருவி வளர்த்தார்கள் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள், ஹஜ்ரத்! நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லையே!" என்றான்.

அவன் கூறியது முற்றிலும் உண்மை. அனஸ் (ரலி) அவர்களுடைய இளைய சகோதரர் அபூ உமைர், சின்னஞ்சிறு பாலகர். நுகைர் என்னும் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து போயிற்று. வீட்டுக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், பிள்ளையின் வாட்டத்தைக் கண்டு, அவருடைய பெயரோடு இயைபு பட, குருவி என்னவாயிற்று என்று அன்போடு வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்தச் சிறு நிகழ்ச்சியைச் சிலர் எள்ளி, இத்தகைய பயனற்ற செய்திகளையும் ஹதீது கலையினர் சுமந்து திரிகிறார்களே என்றனர். அதற்கு விடையாக, ஹிஜ்ரீ 335-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் தபரீ அவர்கள், இந்த ஒரு ஹதீதிலிருந்து 60-க்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனி நூலே இயற்றினார்கள். பிள்ளைகள் சிறு உயிரை வைத்து விளையாடலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே பையனை வாய் மூடச் செய்ய என்னிடம் சட்டம் இல்லை. சொல்லி விளக்கவே கடமைப்பட்டிருந்தேன்.

அவனை அருகில் அமர்த்தி, அந்த ஹதீதோடு வேறு இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கூறினேன். ஒன்று, பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தரையில் ஊர்வனவற்றைத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அதன் காரணமாக வேதனைக்கு ஆளானாள். மற்றது, ஒரு பயணத்தில் நடந்தது. தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக் கொண்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்து வட்டமிட்டது. அதனைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதனைத் துன்புறுத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் தாயிடமே திருப்பிச் சேர்க்கும்படி பணித்தார்கள். அபூதாவூதில் இது வருகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். முதல் ஹதீது வளர்ப்பதற்கு அனுமதி தருகிறது. இரண்டாவது, அந்த அனுமதியின் விலையைக் கூறுகிறது: உணவளி, அல்லது அது தானே தேடிக் கொள்ள வழி விடு. மூன்றாவது, சேர வேண்டிய இடம் வேறாக இருக்கும்போது அங்கே திருப்பிக் கொடு என்கிறது. 'தரையில் ஊர்வன' என்று பூனையின் செய்தியில் வரும் சொல் மிக நுட்பமானது. சோறு கொடுப்பதற்கு ஈடாக அங்கே வைக்கப்பட்டிருப்பது நிலம். ஓர் உயிருக்கு அதன் நிலத்தை மறுக்கிறவன், அந்த நிலம் கொடுத்து வந்த யாவற்றையும் தானே கொடுக்கக் கடமைப்படுகிறான்.

"உன் கொல்லையில் அதற்கு வேண்டிய நிலம் இருக்கிறதா என்று நீயே பார்" என்று பையனிடம் சொன்னேன்.

இதற்கிடையே வனத்துறை அலுவலகத்துக்குச் செய்தி சொல்லப்பட்டது. சாலையில் வெள்ளம் கிடப்பதால் மூன்றாம் நாள் வருவதாகவும், அதுவரை ஆமையைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும் கூறினார்கள். ஆக, மூன்று நாள் அது எங்கள் பொறுப்பில் இருந்தது. நாயகத்தின் போதனைப்படி விருந்தினர்க்கும் மூன்று நாளே உரிமை. கணக்குப் பொருந்திவிட்டது.

கொல்லை என்று நாம் அலட்சியமாகக் கடந்து போகும் இடத்தை ஆமையின் உயரத்திலிருந்து நோக்கினால் எத்தனை அபாயம் என்பது அந்த மூன்று நாளில் விளங்கிற்று. முதலாவது, கிணற்றடி. கைப்பிடிச் சுவர் இருந்தது, ஆனால் நீர் வழியும் சாக்கடை திறந்து கிடந்தது. அதனைப் பலகையிட்டு மூடினோம். இரண்டாவது, பின்கதவின் கீழ் இருந்த இடைவெளி. தெரு நாய் ஒன்று அதன் வழியே மூக்கை நீட்டிக் கொண்டிருந்தது. ஆமையின் ஓடு கோட்டை என்று எண்ணுகிறோம், நாயின் பல்லுக்கு அது தாங்காது. மூன்றாவது, மதிலோரத்து அரளி. அதன் இலையும் பூவும் நஞ்சு. அந்தப் பக்கம் செங்கல் அடுக்கி மறித்தோம். ஒரு பக்கம் கம்பி வலை இருந்தது. அப்பால் தெரிவதை நோக்கி ஆமை ஓயாமல் முட்டிக் கொண்டே இருந்தது. வலையின் அடிப்பாகத்தில் பழைய ஓலைப்பாயைக் கட்டி மறைத்த பிறகு முட்டுவதை விட்டுத் திரும்பியது. கண்ணுக்குத் தெரிகிற தடையற்ற வெளியை அது வழி என்றே கருதுகிறது. கதவு நிலையில் இருசக்கர வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் மகனிடம், கீழே குனிந்து பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்று பாட்டியாரே உத்தரவு போட்டார்.

உணவைப் பற்றியும் அவரே அக்கறை கொண்டார். பாலும் சோறும் ரொட்டியும் அதற்கு ஆகாது. அறுகம்புல்லும் மூக்கிரட்டைக் கீரையும் அதன் இயல்பான உணவு. கொல்லையிலேயே அவை முளைத்துக் கிடந்தன. தண்ணீரை ஆழமான பாத்திரத்தில் வைக்கலாகாது. மண் அகல் போன்ற தட்டையான ஒன்றில், அதன் தாடை நனையும் அளவே வைத்தோம். காலை இளவெயிலில் அது அசையாமல் நின்று உடலைச் சூடாக்கிக் கொண்டது. தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ள இயலாத இனம் அது. உச்சி வெயிலில் மருதாணி நிழலுக்குள் போய்விட்டது. ஒரே கொல்லையில் வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். எது எப்போது என்பதைத் தேர்ந்து கொள்ளும் உரிமை அதற்கே இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து வெயிலில் காய்ச்சுவது வேறு, அதுவாக வந்து வெயில் காய்வது வேறு.

பையன் தன் பெயரை அதன் ஓட்டில் வண்ணத்தால் எழுத விரும்பினான். ஓடு என்பது ஆமை போர்த்திய பலகை அன்று. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாய் இணைந்து விரிந்ததே ஓடு. நாம் தொடுவதை அது உணரும். நம் தோளை ஒருவர் தொட்டால் நாம் உணர்வது போன்றதே. இதனைச் சொன்னதும் பையன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். சில நாடுகளில் ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கோத்துத் தோட்டத்தில் கட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது. உயிருள்ள எலும்பைத் துளைப்பதற்கு அது ஒப்பாகும்.

அவன் அதனை அடிக்கடி கையில் எடுக்க முயன்றான். எடுக்கும் போதெல்லாம் அது தலையையும் நான்கு காலையும் உள்ளே இழுத்துக் கொண்டது. ஐம்புலன்களை அடக்குவதற்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவரின் 126-ஆம் குறள் பள்ளிப் பாடத்தில் இருப்பதால், "பாருங்கள், அடக்கம்!" என்று வந்தவர்களிடம் காட்டினான். புலவருக்கு அது அடக்கம். ஆமைக்கு அது அச்சம். அது தலையை வெளியே நீட்டி நடப்பதைக் காண விரும்பினால் எட்ட இருந்து பொறுமையாக நோக்க வேண்டும் என்றேன். அஸருக்குப் பின் அவனும் நானும் துணி துவைக்கும் கல்லில் அமர்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து அது நடந்தது, புல்லைக் கடித்தது, மீண்டும் நடந்தது. தொட்டு விளையாடியபோது காணாத மகிழ்ச்சியை அப்போது அவன் முகத்தில் கண்டேன். எழுந்ததும் கையைச் சவக்காரம் இட்டுக் கழுவச் செய்தேன். ஆமையின் மேனியில் ஸால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு அது வயிற்று நோயை உண்டாக்கும்.

இரண்டாம் நாள் அது சிமெண்டுத் தரையைக் காலால் சுரண்டிக் கொண்டிருந்தது. அதனைக் கண்டபோது, ஹிஜ்ரீ 808-இல் மறைந்த இமாம் தமீரீ அவர்களின் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூல் நினைவுக்கு வந்தது. ஆமையின் அடிப்பாகம் கடினமானது, சூடற்றது. ஆகவே அது முட்டையைப் பார்வையாலேயே அடைகாக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நம் தமிழ் மரபும், பறவை தீண்டியும் மீன் நோக்கியும் ஆமை நினைந்தும் குஞ்சு பொரிக்கும் என்று கூறும். அரபகமும் தமிழகமும் தனித்தனியே ஒரே வியப்பில் ஆழ்ந்திருக்கின்றன. இன்றைய விலங்கியல் கண்டது அதனினும் வியப்பானது. தாய் ஆமை தன் நீரால் மண்ணை நனைத்துப் பின்கால்களால் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறது. மண்ணும் கதிரவனின் வெம்மையும் சேர்ந்து சில மாதங்களில் குஞ்சு பொரிக்கின்றன. அதற்குச் செவிலித் தாயே மண்தான். சிமெண்டு பூசிய முற்றத்தில் அதற்கு என்ன குறை, வேளாவேளைக்குக் கீரை கிடைக்கிறதே என்பவர்களுக்கு, அந்தச் சுரண்டல் விடை கூறியது.

மூன்றாம் நாள் வனக்காவலர் வந்தார். நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் அது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது. உலக நாடுகள் கூடி, 2019-இல் அதன் பன்னாட்டு வாணிபத்தையும் தடை செய்தன. வீட்டில் ஓர் ஆமை இருந்தால் உலகம் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒரே ஒரு வாணிப மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காடுகளிலிருந்து பிடித்துச் செல்லப்படுவதாகக் கணக்கிட்டது. துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிகளில் அடைபட்ட குஞ்சுகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை ஆசையாக வளர்க்கப் போகிறது என்பதற்காகவே அத்தனையும் பெட்டிக்குள் போகின்றன. நம் வீட்டு ஆசையும் அந்தச் சந்தையின் ஒரு பகுதியே.

மழை நீரோடு மேற்கு உடைமரக் காட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பதைக் கேட்டறிந்த காவலர், அங்கேயே விடுவது பொருத்தம் என்றார். கண்ட இடத்தில் விட்டால், அங்குள்ள ஆமைகளுக்கு நோய் தொற்றக் கூடும் என்றும், ஆகையால் நாமாக எடுத்துப் போய் விடலாகாது என்றும் விளக்கினார். பையனையும் உடன் அழைத்துப் போனார். போகும்போது அவன் அழுதான். "ஓர் ஆமைக்காகவா அழுவது?" என்று அவன் தந்தை அதட்டினார். அதட்ட வேண்டாம் என்று தடுத்தேன். அபூ உமைர் ஹதீதில் இப்னுல் காஸ் அவர்கள் கண்ட பயன்கள் இருக்கட்டும். அந்தப் பையனின் கண்ணீர் எனக்குக் காட்டிய பயன் ஒன்று உண்டு. உலகுக்கெல்லாம் நபியாய் வந்தவர்கள், ஒரு குருவிக்காகத் துயருற்ற குழந்தையின் துயரத்தைச் சிறிதென்று தள்ளவில்லை. கேட்டு ஆறுதல் அளித்தார்கள். அமானத்தைத் திருப்பிக் கொடுக்கிறவன் அழக் கூடாது என்று எந்த நூலிலும் எழுதவில்லை. கொடுக்க வேண்டும், அவ்வளவே.

சட்டம் அனுமதிக்கும் வேறு இன ஆமைகளை, அனுமதிக்கும் நாடுகளில், நம்மவர் சிலர் தோட்டங்களில் வளர்த்து வருகிறார்கள். அவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸஹாரா பாலைவனத்தின் தென் ஓரத்தைத் தாயகமாகக் கொண்ட ஸுல்காட்டா ஆமை, குஞ்சாக உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் 40 கிலோவுக்கு மேல் எடை உடையதாகும். தோட்டத்து மதிலுக்கு அடியில் ஆழமாக வளை தோண்டும். மனிதனின் ஆயுளுக்கு ஈடாகவோ மேலாகவோ வாழும். இங்கிலாந்தின் ஸெல்போர்ன் சிற்றூரில் கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், தம் அத்தையின் மதில் சூழ்ந்த முற்றத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஆமையை 1780-இல் தம் தோட்டத்துக்குக் கொண்டு வந்து, அதன் உறக்கத்தையும் உணவையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தார். அத்தை மறைந்தார். 1793-இல் பாதிரியாரும் மறைந்தார். ஆமை அதற்கு மறு ஆண்டு வரை உயிரோடு இருந்தது. திமோத்தி என்று ஆண் பெயரிட்டு அழைத்த அது பெண் என்பதே பிற்காலத்தில்தான் தெரிய வந்தது. அத்தனை ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகக் காத்தவருக்கும் அது முழுதும் பிடிபடவில்லை.

ஆகவே ஆமையை வளர்ப்பவன் வஸிய்யத்தில் அதற்கும் ஓர் இடம் வைக்க வேண்டும். தனக்குப் பின் யார் அதற்குக் கீரை போடுவார்கள் என்பதை உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்கள் மனைவி மக்களுக்குரிய நஃபகாவைச் சொல்லும் பாடத்திலேயே கால்நடைக்குரிய தீனியையும் நீரையும் வைத்திருக்கின்றன. உடையவன் மறுத்தால் காஜீ அவனைக் கட்டாயப்படுத்தலாம். ஹிஜ்ரீ 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, அது முடமானாலும் நோயுற்றாலும், அதனால் இனிப் பயனே இல்லை என்றானாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்பதை முதலில் வைத்தார்கள். ஆமை தொடக்கத்திலிருந்தே நமக்குப் பயன் எதுவும் தருவதில்லை. பால் தராது, பாரம் இழுக்காது, காவலும் காக்காது. பயன் தராத ஓர் உயிரிடம் நாம் நடந்து கொள்ளும் முறைதான் நம் அமானத்துக்கு உரைகல்.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அருள்மறையின் அன்ஆம் அத்தியாயத்தில் வல்ல நாயன் கூறுகிறான். ஒரு சமுதாயத்தைச் சேர்ந்தவர் இன்னொரு சமுதாயத்தின் எல்லைக்குள் வந்து நின்றால், அவருக்கு அமான் அளித்து, அவருடைய இடத்தில் கொண்டு சேர்ப்பது இஸ்லாமியப் பண்பு. உங்கள் கொல்லையிலும் மழைக்குப் பின் ஓர் ஆமை வந்து ஒதுங்கலாம். நாயை அப்பால் கட்டுங்கள். சாக்கடையை மூடுங்கள். நிழலில் விட்டு, தட்டில் நீர் வையுங்கள். கிணற்றில் போடாதீர்கள், கயிற்றில் கட்டாதீர்கள், விலை பேசாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகளை எட்ட நின்று பார்க்கச் செய்யுங்கள். அது தலையை வெளியே நீட்டி அஞ்சாமல் நடந்தால், அந்த வீட்டில் அமான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அத்தகைய வீடு உருப்படாமல் போகாது. நம்மை நம்பி வந்த ஒவ்வோர் உயிரிடத்தும் அமீன்களாக நடந்து கொள்ளும் பேற்றை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.